புகை தெரிந்த வரைக்கும்

நீரெலிக் கறியை ஓர் இரவு முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். இதில் சோம்பல்பட்டால் சட்டியே நாறிப்போகும். தொடை இடுக்கிலும் முன்கால் அடியிலும் பட்டாணி அளவில் சுரப்பிகள் இருக்கும். அவற்றைக் கத்தி முனையால் நோண்டி எடுத்துவிட்டு, வெங்காயமும் பன்றிக் கொழுப்பும் போட்டு நிதானமாக வேகவிட்டால் முயல் கறி அதனிடம் தோற்றுப்போகும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ரயில் பாதை போடுகிறவர்களின் முகாமில் பல வருஷம் சமையல்காரனாக இருந்தவன் நான். எலியைச் சமைக்கத் தெரிந்தவனுக்கு அதைப் பிடிக்கத் தெரியவில்லை என்பதுதான் ஊருக்குச் சிரிப்பாக இருந்தது.

போலீஸ் ஐயா, நீங்கள் கேட்க வந்தது ஏரி வீட்டுக் கொட்டகையில் மரச்சட்டங்களில் காய்ந்துகொண்டிருந்த நீரெலித் தோல்களைப் பற்றி. அதைச் சொல்கிறேன். ஆனால் எதிர்க்கரை டொமிதில் அக்காவை விட்டுவிட்டு அதைச் சொல்ல முடியாது. அந்த அம்மாள் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டதாக என் மனைவி அடேல் சொன்னாள். "புகையப் பாத்து ஏமாந்துட்டேனே" என்று சுவரோடு பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. யாராவது அதை அவளிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். நான் போய்ச் சொன்னால் என்னைத் தேற்றத்தான் பார்ப்பாள். நீங்கள் சொன்னால் நம்புவாள். அதற்காகத்தான் ஆரம்பத்திலிருந்து ஒழுங்காகச் சொல்கிறேன்.

முகாமை மூடியதும் எனக்குப் போக இடமில்லை. அடேலின் ஊருக்கு வந்தோம். சஸ்காச்சுவான் ஆறு ஏரி ஏரியாகச் சிதறிக் கிடக்கும் இந்தப் பக்கத்தில், தோலுக்காக நீரெலிக்குப் பொறி வைக்கத் தெரியாத ஆம்பிளைக்கு வேலை எதுவும் கிடையாது. அடேலின் அண்ணன் நார்சீஸ் வீட்டில் தங்கினோம். என் மச்சான் நல்ல மனிதர். இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம். ஒரு நாளும் சோற்றுக்குக் கணக்குப் பார்த்ததில்லை. ஆனால் அவருக்கு வாய் சும்மா இருக்காது. கடையில் அடுப்பைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்திருந்தால் போதும், என்னைப் பிடித்துக்கொள்வார்.

"நம்ம மாப்ள இந்தக் குளிர்காலம் ஏரிக்கு வர்றார். எலிங்கெல்லாம் இப்பவே வரிசைல நிக்குதாம், வெந்நி எப்பக் கெடைக்கும்னு."

"சமையலு, எலிய உசுரோட தாளிக்காதப்பா, பாவம்" என்று இன்னொருவர் எடுத்துக்கொடுப்பார்.

நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்ய முடியும். அவர் வீட்டுக் கூரைக்குக் கீழே தூங்குகிறவன், அவர் வாங்கிய மாவில் ரொட்டி தின்கிறவன். அடேல்கூட வாசலில் நின்று அனுப்பும்போது, "அண்ணன் சொல்றதக் கேட்டு நட, உன் இஷ்டத்துக்கு எதையும் பண்ணி வெக்காத" என்றாள். நாற்பது வயதுக்காரனிடம் சொல்கிற பேச்சா அது. ஆனாலும் தலையாட்டினேன்.

நார்சீஸின் ஏரியில் மரத்தால் ஆன சின்ன வீடு ஒன்று இருக்கிறது. எதிர்க்கரையில் டொமிதில் அக்காவின் வீடு. அக்கா விதவை, தனியாகவே பொறி வைப்பவள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஏரி உறைந்து கிடக்கும், பனிச்செருப்பு போட்டு நடந்தால் ஒரு காலைப்பொழுதுக்குள் போய்ச் சேரலாம். போய் இறங்கியதுமே மச்சான் எனக்குச் சொன்ன முதல் பாடம் எலியைப் பற்றியது அல்ல, அடுப்பைப் பற்றியது.

"காலைல மொத வேலை அடுப்பு. நமக்குக் குளிருதோ இல்லியோ, பத்த வெக்கணும். அங்க அக்கா பாத்துக்கிட்டிருக்கும். நாமளும் அது வீட்டுப் புகையப் பாக்கணும். புகை இல்லன்னா கையில இருக்கறத அப்பிடியே போட்டுட்டு ஓடணும்."

"புகை இருந்தா?"

"இருந்தா உன் சோலியப் பாரு. கூப்பிடாம அடுத்தவன் ஏரிப் பக்கம் போனா, பொறிய எண்ண வந்தான்னு பேராயிடும்."

இங்கே எல்லோரும் அப்படித்தான், உங்களுக்குத் தெரியாததா. புகை தெரிந்த வரைக்கும் யாரும் யாரையும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

பொறி வைக்கிற விதத்தைப் பொறுமையாகத்தான் சொல்லித் தந்தார். ஏரி உறைந்ததும் நீரெலிகள் பனிக்கட்டியில் ஒரு ஓட்டை போட்டு, அடியிலிருந்து புல்லையும் வேரையும் மேலே தள்ளித் தள்ளி ஒரு மேடு கட்டும். வெளியே பார்த்தால் பனியில் கவிழ்த்த சட்டி மாதிரி இருக்கும். உள்ளே ஈரமான ஒரு சின்னத் திட்டு. எலி அங்கே ஏறி உட்கார்ந்து தின்னும், மூச்சு விடும். நாம் அந்த மேட்டின் பக்கவாட்டைக் கோடரியால் வெட்டித் திறந்து, திட்டின் மேல் பொறியை வைத்து, சங்கிலியைக் குறுக்குக் கட்டையில் கட்ட வேண்டும்.

"சங்கிலிய நீளமா விடு மாப்ள. கால் மாட்டுனதும் அது தண்ணிக்குள்ளதான் பாயும். உள்ள போச்சுன்னா சீக்கிரம் அடங்கிடும். குட்டையா விட்டா மேலயே கெடந்து, சொந்தக் காலையே கடிச்சிக்கிட்டு நாள் பூராத் தவிக்கும். அந்தப் பாவம் நமக்கு வேணாம்."

பொறியை வைத்த பிறகு வெட்டின இடத்தைப் புல்லும் ஈரப்பனியும் வைத்து அடைக்க வேண்டும். இதில்தான் நான் தவறினேன். அடைத்தேன், ஆனால் அவசரத்தில் அடைத்தேன். விரல் நுழைகிற சந்து இருந்தாலும் குளிர் உள்ளே இறங்கிவிடும், ஓட்டை உறைந்துவிடும். அடுத்த தடவை போனபோது என் மேடுகளில் பாதி கல்லாகிக் கிடந்தன. நார்சீஸ் ஒன்றின் மேல் பனியை ஒதுக்கிவிட்டுக் கூப்பிட்டார். கண்ணாடி மாதிரி இருந்த பனிக்கட்டிக்கு அடியில் ஒரு எலி, மூக்கு மேலே அழுந்தியபடி செத்துக் கிடந்தது. பக்கத்திலேயே இன்னொன்று.

நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் திட்டவில்லை.

"அதுங்களுக்கு வேற எடம் தெரியாது மாப்ள. இங்கதான் தொறந்திருக்கும்னு திரும்பத் திரும்ப வந்திருக்கும்" என்றார். அவ்வளவுதான். பிறகு கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

நான் அங்கே கொஞ்ச நேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வருத்தத்தில்தான் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஒரு காலை, ஓடை வந்து ஏரியில் விழுகிற இடத்தில் அவருக்கு அது நடந்தது. அடியில் தண்ணீர் வற்றி இறங்கியிருந்தது. மேலே இருந்த பனிக்கட்டி தாங்கல் இல்லாத கூரைபோலத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் கால் வைத்ததும் உடைந்து உள்ளே போனார். தண்ணீர் இல்லாததால் முழுகவில்லை, ஆனால் முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. கயிறு போட்டு நான்தான் தூக்கினேன். சறுக்குப் பலகையில் கிடத்தி வீடு வரைக்கும் நான்தான் இழுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவர் வாசலுக்கு வந்ததும், "ஒழுங்காக் கட்டிலுக்குக் கொண்டு போ மாப்ள, பழக்க தோஷத்துல அடுப்புல ஏத்திடாத" என்றார்.

அதே பலகையில் அவரை நேராக டொமிதில் அக்கா வீட்டுக்கு இழுத்துப் போயிருக்கலாமே என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அன்றைக்கு முடியாது. அவரைக் கட்டிலில் போட்டு முடிப்பதற்குள் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. நீட்டிய கை தெரியவில்லை. அதற்கு அக்காவே சாட்சி சொல்வாள். புயல் அடித்த வரைக்கும் நான் அவர் பக்கத்திலேயே இருந்தேன். காலைக் கழுவிக் கட்டினேன், சூப் வைத்துக் கொடுத்தேன். ஜன்னல் முழுக்க உறைபனி படிந்து வெள்ளையாகிவிட்டது.

புயல் நின்ற அன்றைக்கு நான் உதவி கேட்கத்தான் கிளம்பினேன். அதில் சந்தேகம் வேண்டாம். மச்சான் படுத்தபடியே வழி சொன்னார். நாணல் காட்டை வலது கைப் பக்கம் விடு, உச்சி கருகின மரம் வரும், அங்கிருந்து அக்கா வீட்டுப் புகை நேர் எதிரே தெரியும், அதைப் பார்த்து நட என்றார். தெரிந்தது. வானம் துடைத்த மாதிரி இருந்தது, புகை நேராக நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். நாணல் ஓரத்தில் எங்கள் மேடு ஒன்று இருந்தது, அடையாளக் குச்சி மட்டும் பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. புயலில் பொறிகளைப் பார்க்காமல் விட்டிருந்தோம். போகிற வழிதானே என்று அதைத் திறந்தேன்.

உள்ளே எலி இருந்தது. சங்கிலியோடு தண்ணீருக்குள் போய் அடங்கியிருந்தது, தவிக்கவில்லை. எடுத்துவிட்டுப் பொறியைத் திரும்ப வைத்தேன். அடைத்தேன். பக்கத்தில் நின்று பார்க்க ஆள் இல்லை, அடுத்த நாள் கடையில் சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை. என் கை தானாகவே சரியாக வேலை செய்தது, ஐயா. ஒரு சந்துகூட விடவில்லை. அடுத்த மேட்டுக்குப் போனேன். அதற்கடுத்ததற்கும் போனேன். நிமிர்ந்து பார்த்தபோது வெயில் சாய்ந்திருந்தது. இனி அக்கா வீட்டுக்குப் போனால் இருட்டிவிடும் என்று திரும்பிவிட்டேன்.

என் காலடி கேட்டதுமே உள்ளிருந்து குரல் வந்தது. "மாப்ள? வந்துட்டியா? அக்கா பின்னால வருதா?"

கதவைத் திறந்தேன். அவர் முழங்கையை ஊன்றி எழுந்து என்னையே பார்த்தார். என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. முகாமில் தட்டைப் பார்ப்பார்கள், என்னைப் பார்க்க மாட்டார்கள். அடேல் என்னைப் பார்த்தால் அடுத்து என்ன உடைக்கப் போகிறேன் என்று பார்ப்பாள். நார்சீஸ் அன்றைக்கு என் முகத்தைப் பார்த்தார், நான் என்ன சொல்லப் போகிறேன் என்று. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதை மறைக்க விரும்பவில்லை.

"வழி தப்பிடுச்சு மச்சான். ஏரி மேல ஒரே மூட்டம்" என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. புது ஆள்தானே என்று நினைத்திருப்பார். அடுத்த நாளுக்கு இன்னும் விளக்கமாகச் சொல்லித் தந்தார். காற்று எந்தக் கன்னத்தில் பட வேண்டும், பனியின் நிறம் எங்கே மாறினால் ஒதுங்க வேண்டும், எந்த ஓடை எந்த ஏரிக்குப் போகும் என்று எல்லாம். வலியில் மூச்சு வாங்கும், நிறுத்துவார், திரும்பவும் தொடங்குவார். ஒரு மனிதன் பிழைத்துக்கொள்வதற்காகச் சொல்லும்போது எதையும் விடுவதில்லை. கடையில் உட்கார்ந்து பத்து வருஷம் கேட்டாலும் அவ்வளவு கற்றிருக்க மாட்டேன். இன்றைக்கு அந்த ஏரியை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

நான் தினமும் கிளம்பினேன், தினமும் பொறிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். நாளைக்குக் கட்டாயம் போய்விட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் எண்ணினேன். எண்ணியதும் உண்மை, போகாததும் உண்மை. கால் அந்தப் பக்கம் திரும்பவில்லை, நான் என்ன செய்ய. மாலையில் தோலை உரித்துக் கொட்டகையில் சட்டத்தில் இழுத்து மாட்டிவிட்டு, பனியில் கை கழுவிக்கொண்டு உள்ளே போவேன். அவருடைய கால் கறுத்துக்கொண்டு வந்தது. மணிக்கணக்கில் துடைத்தேன், கட்டு மாற்றினேன். அந்த விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

ஒரு நாள் சூப் ஊட்டும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் விரலின் வாடை. சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் நீரெலி வாடை போகாது, அதை அவரிடம் யார் மறைக்க முடியும். பிறகு ஜன்னலைப் பார்த்தார். உறைபனி படிந்த கண்ணாடி வெயிலில் தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது.

"இன்னிக்கும் மூட்டமா மாப்ள?"

"ஆமா மச்சான்."

"சரி" என்றார். கம்பளியை விலக்கிவிட்டு, "ரொம்பப் புழுக்கமா இருக்கு. நாளைக்குக் காலைல அடுப்பு வேணாம்" என்றார்.

"காய்ச்சல் மச்சான். அதான் அப்பிடி இருக்கு."

"இருக்கட்டும். ஒரு காலைதானே. கம்பளி இருக்கு, தாங்கிக்குவேன்."

எதற்காகக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அவர் சொல்லித் தந்த முதல் பாடம்தானே. அடுப்பு எரியாவிட்டால் புகை இருக்காது, புகை இல்லாவிட்டால் அக்கா ஓடி வருவாள், பலகையில் போட்டு ஊருக்கு இழுத்துப் போவார்கள். காலை வெட்டியாவது உயிரைக் காப்பாற்றியிருப்பார்கள். பிறகு கடையில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் கேட்டிருப்பார்கள், எதிர்க்கரைக்கு வழி தெரியாத சமையல்காரனைப் பற்றி. அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார் என்றுதான் தோன்றுகிறது. அதைத்தான் என்னால் தாங்கியிருக்க முடியாது.

மறுநாள் அவர் கண் விழிக்கும் முன்பே அடுப்பைப் பற்றவைத்தேன். காய்ந்த விறகின் மேல் பச்சைக் கிளை இரண்டு போட்டேன். பச்சைக் கிளை போட்டால் புகை நன்றாக எழும்பும்.

அன்று மதியம் திரும்பி வந்தபோது உள்ளே உஸ்ஸென்று சத்தம் கேட்டது. நார்சீஸ் கட்டிலிலிருந்து விழுந்து, தரையில் ஊர்ந்து அடுப்பு வரைக்கும் போயிருந்தார். கெட்டில் தண்ணீரை உள்ளே ஊற்றியிருந்தார். பாதி நெருப்பு அணைந்திருந்தது, மீதி கனன்றுகொண்டிருந்தது. எழுந்து இன்னொரு பாத்திரம் எடுக்க அவரால் முடியவில்லை. அடுப்புக் காலைப் பிடித்தபடி கிடந்தார். நான் தூக்கிக் கட்டிலில் போட்டேன். குழந்தை கனம்தான் இருந்தார். நனைந்த சட்டையை மாற்றி, கையைத் தேய்த்துச் சூடேற்றி, கம்பளியைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டேன். சாம்பலை வாரிவிட்டு அடுப்பைத் திரும்பவும் மூட்டினேன். அவர் தடுக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு தண்ணீர்ப் பாத்திரங்களை வெளியே வைத்தேன். வெந்நீர் மேலே கொட்டிக்கொண்டால் என்ன ஆவது என்றுதான்.

கடைசியாக அவர் பேசியது அதற்கடுத்த நாள். குரல் உதட்டிலேயே நின்றது, குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"இன்னிக்கு எத்தன மாப்ள?"

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "எல்லாப் பொறியிலயும் இருந்துச்சு மச்சான்" என்றேன்.

"அடச்சியா?"

"அடச்சேன்."

"ஒண்ணுகூட ஒறையலியா?"

"ஒறையல."

"அப்பக் கத்துக்கிட்ட" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஊரில் யாருக்கும் கேலிக்கு இடம் இல்லாமல் சொன்ன வார்த்தை அது. அவர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னார். விடியும்போது மூச்சு நின்றிருந்தது.

அன்றைக்கு நான் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. வேண்டுமென்று அல்ல, தோன்றவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டொமிதில் அக்கா இவ்வளவு சீக்கிரம் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. கையுறைகூட இல்லாமல், தலைத்துணி அவிழ்ந்து, மூச்சிரைக்க வந்து கதவைத் தள்ளினாள். "புகையக் காணமே, புகையக் காணமே" என்றாள். பிறகு கட்டிலைப் பார்த்தாள். அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். என் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள்.

"நீ புது ஆளு. உன்னால என்ன பண்ணியிருக்க முடியும். தப்பு என்னோடது. தினம் புகையப் பாத்துட்டுச் சும்மா இருந்துட்டேனே."

ஊரும் அதையேதான் சொன்னது. பாவம், புதுசு, அவனால் என்ன செய்ய முடியும். அடேல்கூட அதைத்தான் சொல்லி அழுதாள். நானும் மறுக்கவில்லை. இப்போது கடையில் யாரும் என்னைக் கேலி செய்வதில்லை, உட்கார இடம் விடுகிறார்கள்.

ஆகவே அக்காவிடம் சொல்லுங்கள் ஐயா. அவள் புகையைச் சரியாகத்தான் பார்த்தாள். அதைத் தினமும் எழுப்பியவன் நான். அவள் வரக் கூடாது என்றுதான் எழுப்பினேன். புகை நின்றிருந்தால் அவர் பிழைத்திருப்பார், அது எனக்குத் தெரியும், தெரிந்தேதான் விறகு போட்டேன். இதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அக்கா எழுந்து இரண்டு வாய் சாப்பிடட்டும். ஊர் என்னைப் பற்றி இனி என்ன வேண்டுமானாலும் பேசட்டும். ஆனால் கடைசி மூச்சு வரைக்கும் என் மச்சானைக் கதகதப்பாக வைத்திருந்தேன், அவரைக் குளிரில் போட்டுவிட்டான் என்று மட்டும் ஒருவரும் சொல்ல முடியாது.